கோப்புப் பெட்டியை டெஸ்க்டாப்பிடமே விடுங்கள்: மொசில்லாவுக்கு ஒரு திறந்த மடல்

மொசில்லா நிறுவனத்தின் ஃபயர்பாக்ஸ் டெஸ்க்டாப் பிரிவினருக்கு,

லினக்ஸில் ஃபயர்பாக்ஸை அன்றாடம் பயன்படுத்துவோர் சார்பில் இதை எழுதுகிறோம். புது வசதி எதையும் கேட்க வரவில்லை. உங்கள் நிரலுக்குள் ஏற்கெனவே எழுதி முடித்து, ஒரு மூலையில் பூட்டி வைத்திருப்பதைத் திறந்துவிடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

கேடிஈ பிளாஸ்மா டெஸ்க்டாப் ஓடும் கணினியில், உங்கள் தளத்திலிருந்து இறக்கிய ஃபயர்பாக்ஸைத் திறந்து, ஏதாவது ஒரு விண்ணப்பத்தில் புகைப்படம் ஏற்றப் பாருங்கள். எங்கள் ஊரில் அரசு வேலைக்கு விண்ணப்பிக்கும் எவரும் செய்யும் வேலைதான். படத்தைத் தனியாக, கையெழுத்தைத் தனியாகக் கேட்பார்கள். பொத்தானை அழுத்தியதும் ஒரு பெட்டி திறக்கிறது. அது அந்தக் கணினிக்குப் பழக்கமான பெட்டி அல்ல. டால்ஃபின் கோப்பு மேலாளரில் பயனர் ஓரமாக அடுக்கி வைத்த இடங்கள் அதில் வராது. கேடிஈ கனெக்ட் வழியே இணைத்த கைபேசி அதில் தெரியாது. படங்கள் சிற்றுருவங்களாக வராமல், கேமரா வைத்த எண்களே பெயர்களாக வரிசையில் நிற்கின்றன. எது பாஸ்போர்ட் படம், எது பக்கத்து வீட்டுக் கல்யாணப் படம் என்று ஒவ்வொன்றாகச் சொடுக்கிப் பார்த்தால்தான் தெரியும். அதே கணினியில் கேட் திருத்தியிலோ ஆக்குலர் ஆவணப் பார்வையிலோ "திற" என்று சொன்னால் வரும் பெட்டி முற்றிலும் வேறு. ஒரே வீட்டில் இரண்டு உலை எரிகிறது.

காரணம் இரகசியமில்லை. லினக்ஸில் ஃபயர்பாக்ஸின் ஜன்னலும் பெட்டிகளும் ஜிடிகே நூலகத்தைக் கொண்டு வரையப்படுகின்றன. க்னோம் டெஸ்க்டாப்பும் அதே குடும்பம். பிளாஸ்மாவோ கியூட்டி என்ற வேறு நூலகத்தின் குடும்பம். ஆகவே கியூட்டி வீட்டிலும் ஜிடிகே பெட்டியே திறக்கிறது.

இதைச் சரிசெய்ய வெளியார் பட்ட பாடு சிறிதல்ல. 2004இல் ஜெர்மனியின் லுட்விக்ஸ்பர்க் நகரில் கேடிஈ மாநாடு நடந்தபோது, கேடிஈ நிரலாளர்களான லார்ஸ் நோலும் ஸாக் ருசினும் உங்கள் உலாவியை கியூட்டியிலேயே ஓட வைக்கும் வேலையில் இறங்கினார்கள். பின்னாளில் நோக்கியாவின் ஆர்வத்தால் அந்தப் பாதைக்குக் கொஞ்சம் உயிர் வந்தது. கடைசியில் பராமரிக்க ஆளின்றி கியூட்டிப் பகுதி உங்கள் மூலநிரலிலிருந்தே நீக்கப்பட்டது. இன்னொரு பக்கம் ஓப்பன்சூசே வினியோகம் தன் ஃபயர்பாக்ஸ் தொகுப்பில் கேடிஈக்கென்று ஒட்டுநிரல்களைப் பல ஆண்டுகள் சுமந்தது. கேமொசில்லாஹெல்ப்பர் என்ற சிறு துணை நிரல் பின்னால் நின்று கேடிஈயின் பெட்டியைத் திறந்து கொடுக்கும். நீங்கள் சில வாரங்களுக்கு ஒரு பதிப்பு வெளியிடுவீர்கள். அவர்கள் ஒவ்வொரு முறையும் ஒட்டுநிரலைப் புதிய நிரலுக்குப் பொருத்திக்கொண்டே இருக்க வேண்டும். பயனருக்கு ஒரு கோப்புப் பெட்டியைச் சரியாகக் காட்டுவதற்காக இவ்வளவு உழைப்பு.

கேடிஈக்குச் சொந்த இயந்திரத்தில் ஓடும் உலாவி இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். இருந்தது. 2000 அக்டோபரில் கேடிஈ 2 உடன் வந்த காங்கரரில் உலாவி, கோப்பு மேலாளர் என்ற பிரிவே கிடையாது. கோப்புறையும் இணையதளமும் தொலைவில் இருக்கும் சேவையகமும் ஒரே ஜன்னலில் அடுத்தடுத்துத் திறக்கும். டெஸ்க்டாப்போடு அவ்வளவு ஒட்டிப் பிறந்த உலாவி லினக்ஸில் அதற்குப் பிறகு வரவில்லை என்பது எங்கள் கருத்து. அதன் கேஎச்டிஎம்எல் இயந்திரத்தை ஆப்பிள் எடுத்துக்கொண்டு 2003 ஜனவரியில் சஃபாரியை அறிவித்தது. அதிலிருந்து வெப்கிட் வந்தது. 2013இல் வெப்கிட்டிலிருந்து கூகுள் பிளிங்கைப் பிரித்துக்கொண்டது. இன்று குரோம், எட்ஜ், சஃபாரி என்று உலகம் திறக்கும் உலாவிகளில் பெரும்பாலானவற்றின் பாட்டன் கேடிஈயில் பிறந்தவன். அந்த கேடிஈயோ தன் ஆறாம் தலைமுறைக்கு வந்தபோது கேஎச்டிஎம்எல்லைக் கைவிட்டுவிட்டது. இணையத் தரங்களின் வேகத்துக்கு ஈடுகொடுத்து ஒரு இயந்திரத்தைப் பேண, ஒரு தன்னார்வக் குழுவின் கையில் பலம் போதாது. ஆகவே டெஸ்க்டாப்கள் இனி வெளியிலிருந்து வரும் உலாவியைத்தான் நம்பியாக வேண்டும். லினக்ஸுக்கு அப்படி வரும் உலாவிகளில் கூகுளின் இயந்திரத்தில் ஓடாத பெரிய உலாவி உங்களுடையது ஒன்றுதான். உங்களிடம் இவ்வளவு உரிமையோடு பேசுவதும் அதனால்தான்.

இப்போது விஷயத்துக்கு வருவோம். பழைய சிக்கலுக்குப் புதிய விடை ஒன்று, செயலிகளைக் கூண்டுக்குள் வைத்து ஓட்டும் பிளாட்பேக் தொகுப்பு முறையோடு பிறந்தது. அதை போர்ட்டல் என்கிறோம். ஒரு செயலிக்குக் கோப்பு வேண்டுமென்றால், பெட்டியைத் தானே வரைய வேண்டியதில்லை. டி-பஸ் என்ற செய்திப் பாதை வழியே "பயனரிடம் ஒரு கோப்பு கேட்டு வாங்கிக் கொடு" என்று டெஸ்க்டாப்பிடம் சொன்னால் போதும். பிளாஸ்மாவில் அதற்குப் பிளாஸ்மாவின் போர்ட்டல் பதில் சொல்லும், க்னோமில் க்னோமுடையது. எந்தக் குடும்பத்து நூலகத்தில் செயலி எழுதப்பட்டது என்ற கேள்வியே எழாது. லுட்விக்ஸ்பர்க்கில் தொடங்கிய வேலைக்கும் ஓப்பன்சூசேயின் ஒட்டுநிரல்களுக்கும் இனி தேவையில்லை.

இது உங்களுக்குத் தெரியாததல்ல. ஃபயர்பாக்ஸின் உள்ளமைவுப் பக்கத்தில் "விட்ஜெட்" என்று தொடங்கி "ஃபைல்-பிக்கர்" என்று முடியும் நீண்ட பெயரில் ஒரு அமைப்பு இருக்கிறது. 0 என்றால் போர்ட்டல் வேண்டாம். 1 என்றால் எப்போதும் போர்ட்டல். 2 என்றால் நிலைமை பார்த்துத் தீர்மானி. நீங்கள் வைத்திருப்பது 2. அந்தத் தீர்மானம் எப்படி நடக்கிறது என்று பார்த்தால், பிளாட்பேக் அல்லது ஸ்னாப் கூண்டுக்குள் ஓடினால் போர்ட்டல், மற்றபடி சூழல் மாறி வழியே யாராவது கேட்டிருந்தால் மட்டும் போர்ட்டல் என்று முடிகிறது. பயனர் எந்த டெஸ்க்டாப்பில் உட்கார்ந்திருக்கிறார் என்பது அங்கே ஒரு பொருட்டாகவே இல்லை. தொகுப்பு எந்த வகை என்பதுதான் பெட்டியை நிர்ணயிக்கிறது. டெப் தொகுப்பை நிறுவியவருக்கு ஒரு பெட்டி, அதே கணினியில் பிளாட்பேக் நிறுவியவருக்கு வேறொரு பெட்டி. இதற்கு என்ன நியாயம் சொல்வீர்கள் என்று தெரியவில்லை.

மதிப்பை 1 ஆக மாற்றினால் நிரல் செய்வதும் வேடிக்கைதான். பெட்டி திறக்கும் அந்தக் கணத்துக்கு மட்டும் ஜிடிகேயின் போர்ட்டல் சூழல் மாறியை இயக்கி, காரியம் முடிந்ததும் அழித்துவிடுகிறது. பின்வாசல் வழியாக என்றாலும் வேலை ஒழுங்காக நடக்கிறது. பிளாஸ்மாவின் பெட்டி வந்து நிற்கிறது.

"மாற்றிக்கொள்ள வழி இருக்கிறதே, பிறகென்ன?" என்பது இதற்கு வழக்கமாக வரும் பதில். அந்தப் பக்கத்தைத் திறக்கும்போதே எச்சரிக்கையோடு வரவேற்பவர்கள் நீங்கள்தான். ஆபத்தை ஏற்றுக்கொண்டு உள்ளே வா என்று சொல்லிவிட்டு, சாதாரணப் பயனர் ஒருவர் தன் படத்தைக் கண்டுபிடிக்க அங்கே போக வேண்டும் என்று எதிர்பார்ப்பது முறையல்ல. கல்லூரி மாணவரும் இசேவை மையத்தில் உட்கார்ந்திருப்பவரும் அந்தப் பக்கத்தின் பெயரைக்கூடக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். இயல்பாக வருவது எதுவோ அதுதான் அவர்களுக்கு ஃபயர்பாக்ஸ்.

போர்ட்டல் இல்லாத, ஜன்னல் மேலாளர் மட்டும் ஓடும் எளிய அமைப்புகளை என்ன செய்வது என்ற தயக்கம் நியாயமானது. அதற்கும் விடை ஜிடிகேயிலேயே இருக்கிறது. நீங்கள் அழைக்கும் அந்தப் பெட்டி வகை, போர்ட்டல் கிடைக்காவிட்டால் தன் பழைய பெட்டிக்கே திரும்பும்படி எழுதப்பட்டது. போர்ட்டல்மீது உங்களுக்கே அவநம்பிக்கை என்றும் சொல்ல முடியாது. பயனர் விரும்புவது இருண்ட தோற்றமா வெளிச்சத் தோற்றமா என்பதை இன்று எல்லாத் தொகுப்பிலும் போர்ட்டலிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்கிறீர்கள். நிறம் கேட்க நம்பிய ஆளைக் கோப்பு கேட்க நம்பக் கூடாதா? எல்லாவற்றையும் போர்ட்டலுக்கு மாற்றுங்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. கோப்பு வகைகளுக்கான போர்ட்டலை இயக்கினால், ஃபயர்பாக்ஸ்தான் இயல்பு உலாவியா என்று பார்க்கும் ஏற்பாடு கெடுகிறது என்று உங்கள் நிரலிலேயே குறிப்பு இருக்கிறது. அதை அப்படியே விடுங்கள். கோப்புப் பெட்டிக்கு அந்தத் தடை இல்லை.

இதைக் கேடிஈக்காரர்களின் பிடிவாதம் என்று ஒதுக்கிவிட வேண்டாம். ஜிடிகேயின் பெட்டியில் படங்களைக் கட்டம் கட்டமாகச் சிற்றுருவமாய்க் காட்டுங்கள் என்ற கோரிக்கை 2004இல் வைக்கப்பட்டது. நிறைவேறியது 2023 மார்ச்சில், ஜிடிகே 4.10 வந்தபோது. லினக்ஸ் உலகில் அது தலைமுறை கடந்த நகைச்சுவை. ஆனால் ஃபயர்பாக்ஸ் இருப்பது ஜிடிகே 3இல். ஆகவே அத்தனை காத்திருப்புக்குப் பிறகு வந்த வசதியும் அதற்குள் நேரடியாக வராது. 2024 செப்டம்பரில் வெளியான க்னோம் 47இல் கோப்பு மேலாளரே பெட்டியாக வந்து நிற்கிறது; அதுவும் போர்ட்டல் வழியே கேட்பவர்களுக்கு மட்டும்தான். க்னோம் பயனரும் தன் சொந்த டெஸ்க்டாப்பின் புதிய பெட்டியை, கூண்டுக்கு வெளியே ஓடும் ஃபயர்பாக்ஸில் பார்க்க முடியாமல் பழைய பெட்டியோடு இருக்கிறார்.

ஜிடிகேயை விட்டுவிடுங்கள் என்ற கோரிக்கையாகவும் இதை எடுத்துக்கொள்ளாதீர்கள். தமிழில் தட்டச்சு செய்பவர்களுக்கு அதனால் கிடைத்த நன்மை பெரிது. 2023 டிசம்பரில் 121ஆம் பதிப்பில், எக்ஸ்11க்கு மாற்றாக வந்த வேலண்ட் திரை நெறியை இயல்பாக்கினீர்கள். ஐபஸ், எஃப்சிட்எக்ஸ் போன்ற உள்ளீட்டுக் கருவிகள் வழியே தமிழ்99 தட்டுபவர்கள் வேலண்டில் அடிக்கடி அல்லாடிய காலம் அது. வேலண்டின் உள்ளீட்டு நெறியின் மூன்றாம் பதிப்பை ஜிடிகே பேசியது. க்னோமுக்கும் பிளாஸ்மாவுக்கும் அது புரிந்தது. குரோமியமோ வெகுகாலம் முதல் பதிப்பை மட்டும் பேசிக்கொண்டிருந்தது. அது க்னோமுக்குத் தெரியாத மொழி. க்னோமின் வேலண்டில் குரோமியத்தை நேரடியாக ஓட்டிய தமிழ்ப் பயனர் பழைய எக்ஸ்11 பாதைக்குத் திரும்ப வேண்டியிருந்தது. இந்தப் போட்டியில் நீங்கள் முந்தியதற்குக் காரணம், டெஸ்க்டாப் பேசும் நெறியில் பேசியதுதான். கோப்புக்கும் அதே வழியில் போங்கள் என்கிறோம்.

இன்னொன்றும் உண்டு; அது உங்களால் மட்டும் தீராது. 2018 ஜூனில் பிளாஸ்மா 5.13 உடன் உலாவி இணைப்பு நீட்சி ஒன்றைக் கேடிஈ கொண்டுவந்தது. பதிவிறக்கம் எவ்வளவு முடிந்தது என்பது டெஸ்க்டாப் அறிவிப்பில் தெரியும்; ஓடும் பாட்டைப் பணிப்பட்டையிலிருந்தே நிறுத்தலாம்; திறந்திருக்கும் தாவல்களை கேரன்னர் தேடுபெட்டியில் தேடலாம்; ஒரு இணைப்பைக் கைபேசிக்கு அனுப்பலாம். இந்த நீட்சி உலாவிக்கு வெளியே ஓடும் ஒரு நிரலோடு பேச வேண்டும். கூண்டுக்குள் இருக்கும் உலாவிக்கு அந்த வாசல் இயல்பாக அடைபட்டுக் கிடக்கிறது. 2022 ஏப்ரலில் உபுண்டு 22.04 ஃபயர்பாக்ஸை ஸ்னாப்பாக மட்டும் தந்தபோது, க்னோம் நீட்சிகளை உலாவியிலிருந்து நிறுவ முடியாமலும், கீபாஸ்எக்ஸ்சி கடவுச்சொல் பெட்டகத்தோடு உலாவி பேச முடியாமலும் போனது இதனால்தான். அதற்கென்று ஒரு போர்ட்டலை வடிவமைத்த, உபுண்டுவைத் தயாரிக்கும் கேனானிக்கல், அதைப் போர்ட்டல்களின் பொதுத் திட்டம் ஏற்கும் முன்பே தன் தொகுப்பில் ஒட்டுநிரலாகச் சேர்த்துக்கொண்டது. பிளாட்பேக் தொகுப்புகளின் தளமான ஃபிளாட்ஹப்பில் நீங்களே வெளியிடும் தொகுப்போ இந்த விஷயத்தில் பல ஆண்டுகளாகத் தடுமாறுகிறது. கூண்டு வேண்டும் என்பதில் எங்களுக்கு மறுப்பில்லை. எந்த நிரலோடு பேசலாம் என்று பயனரிடம் அனுமதி கேட்கும் வாசல் ஒன்று அதில் இருக்கட்டும். பிளாட்பேக், கேடிஈ, க்னோம் தரப்பினர் இதைப் பற்றி நடத்தும் உரையாடலில் உங்கள் பொறியாளர் ஒருவர் உறுதியோடு உட்கார்ந்தால் வேலை நகரும். உலாவி தயாரிப்பவர் இல்லாமல் உலாவிக்கான வாசலை யார் அளவெடுப்பது?

லினக்ஸ் பயனர்கள் உங்கள் மொத்தக் கணக்கில் சிறு பங்கு என்பது தெரியும். ஆனால் விண்டோஸில் எட்ஜும் மேக்கில் சஃபாரியும் கணினியோடு வந்துவிடுகின்றன. பெரும்பாலான லினக்ஸ் வினியோகங்களில் நிறுவியவுடன் காத்திருக்கும் உலாவி ஃபயர்பாக்ஸ். வேறெங்கும் உங்களுக்கு இல்லாத இடம் அது. அதைக் காப்பாற்றிக்கொள்ள இந்தச் சிறு மாற்றம் பெரிய விலை அல்ல.

போர்ட்டல் இருக்கும் எந்த டெஸ்க்டாப்பிலும், தொகுப்பு எதுவானாலும், கோப்புப் பெட்டி போர்ட்டல் வழியே திறப்பதை இயல்பாக்குங்கள். வேண்டாம் என்பவருக்கு, எச்சரிக்கைப் பக்கத்தில் அல்லாமல் சாதாரண அமைப்புகள் பக்கத்திலேயே ஒரு தேர்வுப்பெட்டி வையுங்கள். நீட்டித்த ஆதரவுப் பதிப்பையே ஆண்டுக்கணக்கில் ஓட்டும் அலுவலகங்களும் பள்ளிகளும் நிறைய உண்டு. அடுத்த நீட்டித்த ஆதரவுப் பதிப்பு வெளிவருவதற்கு முன் இதைச் செய்துவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறோம்.