ஸ்ட்ரோக், ஸ்டெம் செல்... ஒரு முட்டை!

குஞ்சு பொரிக்கிற ஹேட்சரிக்குள்ளே போயிருக்கீங்களா? அடை வைத்த முட்டையை நாலைந்து நாள் கழித்து இருட்டில் லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பிடிப்பார்கள். கரு பிடித்திருந்தால் உள்ளே சிவப்பாக ஒரு சிலந்திவலை தெரியும். அத்தனையும் ரத்தக்குழாய்! பிளம்பர் யாரும் வரலை பாஸ்... தானா வளர்ந்தது!

இதற்குப் பேர் ஆஞ்சியோஜெனிஸிஸ். ஒரு மருந்து ரத்தக்குழாயை வளர வைக்குமா, தடுக்குமா என்று டெஸ்ட் பண்ண விஞ்ஞானிகள் இன்றும் தேடிப் போவது கோழி முட்டையைத்தான். ஓட்டில் ஜன்னல் வெட்டி, உள்ளே இருக்கும் ஜவ்வு மேல் மருந்தை வைத்துப் பார்ப்பார்கள். சென்னை குரோம்பேட்டை எம்.ஐ.டி. கேம்பஸில் இருக்கும் ஏ.யு.-கே.பி.சி. ஆய்வு மையத்திலும் இந்த வகை ஆராய்ச்சி நடந்திருக்கிறது. (நாமக்கல்லில் இருந்து லாரி லாரியாகப் போகிற முட்டை இதுக்கு ஆகாது. ஆம்லெட் முட்டை, கரு பிடிக்காத முட்டை!)

சரி, முட்டைக்கும் ஸ்ட்ரோக்குக்கும் என்ன சம்பந்தம்?

மூளைக்குப் போகும் குழாயை ரத்தக்கட்டி அடைத்தால் ஸ்ட்ரோக். நம்ம ஊர் பாஷையில், 'கை கால் இழுத்துக்கிச்சு'. அடைபட்ட பகுதியின் நடுப்பாகம் சீக்கிரமே செத்துவிடும். ஓரம் மட்டும் பாதி உயிரோடு போராடும். அந்த ஓரத்தில்தான், முட்டைக்குள் நடந்த மாதிரியே, புதிதாகப் பொடிப்பொடிக் குழாய்கள் முளைக்கின்றன. ஸ்ட்ரோக்கில் இறந்தவர்களின் மூளையை ஆராய்ந்து 1994-ல் வெளிவந்த ஒரு ஆய்வு, இப்படிக் குழாய்கள் அதிகம் முளைத்தவர்கள் கூடுதல் நாள் உயிரோடு இருந்ததைக் காட்டியது. 1997-ல் இன்னொரு ஆச்சரியம். ரத்தக்குழாயாக மாறக்கூடிய செல்கள் பெரியவர்களின் ரத்தத்திலேயே சுற்றுகின்றன என்று தெரிந்தது.

அப்புறமென்ன... எலும்பு மஜ்ஜையில் இருந்து செல்லை எடு, ஊசியில் ஏத்து, குழாய் முளைக்கும், ஆள் எழுந்து நடப்பார்! எலிகளிடம் நல்ல ரிசல்ட். மனுஷனிடம்?

அதை முறையாகக் கேட்டது நம்ம நாடுதான். டெல்லி எய்ம்ஸ் டாக்டர் காமேஷ்வர் பிரசாத் தலைமையில் 2008 முதல் 2011 வரை 5 மையங்களில் 120 நோயாளிகளைச் சேர்த்தார்கள். ஒரு பிரிவுக்கு அவரவர் மஜ்ஜை செல்களே, சராசரியாக 28 கோடி. இன்னொரு பிரிவுக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். ஆறு மாதம் கழித்து தானே சாப்பிடுவது, குளிப்பது, நடப்பது எல்லாவற்றுக்கும் 100-க்கு மார்க் போட்டார்கள். ஸ்டெம் செல் வாங்கியவர்கள் 63.1. வாங்காதவர்கள் 63.6!

2014-ல் வெளியான தீர்ப்பு இதுதான்: ஆபத்தில்லை, ஆனால் பலனும் தெரியவில்லை. ஜப்பானில் 206 பேர் கலந்துகொண்ட, வேறு வகை செல் டிரையலின் முடிவு 2024-ல் வந்தது. அதுவும் முக்கிய இலக்கைத் தொடவில்லை.

ஏன் இவ்வளவு கஷ்டம்? டைமிங்கும் ஒரு சிக்கல். குழாய் வளர்க்கும் வி.இ.ஜி.எஃப். என்ற புரதத்தை, அடைப்பு வந்த ஒரு மணி நேரத்தில் எலிகளுக்குக் கொடுத்தபோது ரத்தம் கசிந்தது. 48 மணி நேரம் கழித்துக் கொடுத்தபோது நன்மை செய்தது. பி.வி.சி. பைப்பில் சொல்யூஷன் காயறதுக்குள்ளே மோட்டாரைப் போட்டா என்ன ஆகும்? அதேதான்!

இதெல்லாம் நமக்கு எதுக்கு? வீட்டில் யாராவது படுத்துவிட்டால், "ஸ்டெம் செல் பேக்கேஜ் இருக்கு, சில லட்சம்தான்" என்று சொல்ல ஆள் வருவார். காட்டை விற்றாவது, லாரியை விற்றாவது பார்க்கலாம் என்று அப்பா யோசிப்பார். அப்போது இன்டர்நெட் பார்க்கத் தெரிந்த நம்மிடம்தான் கேட்பார்கள். ஐ.சி.எம்.ஆரின் 2017 வழிகாட்டுதல்படி, ரத்தப் புற்றுநோய் மாதிரி குறிப்பிட்ட சில நோய்களுக்குத்தான் ஸ்டெம் செல் மாற்று அங்கீகரிக்கப்பட்ட சிகிச்சை. ஸ்ட்ரோக்குக்கு என்றால், அனுமதி பெற்ற டிரையலில் மட்டும். டிரையல் என்றால் நோயாளியிடம் காசு வாங்கக்கூடாது. காசு கேட்டால் கிளம்பி வந்துடுங்க!

பலன் நிரூபிக்கப்பட்டது வேறு. வாய் கோணுதா, கை தொங்குதா, பேச்சு குழறுதா... உடனே கடிகாரத்தைப் பாருங்கள். 108-ஐக் கூப்பிட்டு, சி.டி. ஸ்கேன் இருக்கும் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் டைம். தாமதமாகும் ஒவ்வொரு நிமிடமும் சுமார் 19 லட்சம் நியூரான்கள் காலி. புறா ரத்தம் தேய்க்க அலைந்தால் அந்த நேரம் திரும்பி வராது. அதற்கப்புறம் பிசியோதெரபி, பி.பி. மாத்திரை. 2021-ல் ஆரம்பித்த 'மக்களைத் தேடி மருத்துவம்' இது ரெண்டையும் வீட்டுக்கே கொண்டுவருகிறது.

மூளைக்குள் குழாய் முளைக்க வைக்கிற வித்தையை ஒருநாள் யாராவது கண்டுபிடிக்கலாம். அது நம்ம பயோடெக் டிபார்ட்மென்ட் மச்சியாகக்கூட இருக்கலாம். அதுவரைக்கும் காடு காடாவே இருக்கட்டும்!