சிலிண்டரில் ஒரு கோடு: ரீபோர் போட்டே ஆகவேண்டுமா?



ஒரு காட்சியை நினைத்துப் பாருங்கள். பழைய மாருதி 800 வைத்திருக்கும் ஒருவர், இன்ஜின் சூடாகி ஹெட் கேஸ்கெட் போய்விட்டது என்று வண்டியைப் பட்டறையில் விடுகிறார். மாலையில் போன் வருகிறது. "சார், ஹெட்டைக் கழட்டிட்டோம். ரெண்டாவது சிலிண்டர்ல கோடு விழுந்திருக்கு. இன்ஜினை இறக்கி ரீபோர் போட்டுடலாம்." கேஸ்கெட்டுக்கு மட்டும் பணம் எடுத்து வைத்திருந்தவர் என்ன செய்வார்? பயத்தில் "சரி" என்று சொல்லிவிடுவார். அந்த "சரி"யைச் சொல்லும் முன் கொஞ்சம் நிதானிக்க வேண்டும் என்பதுதான் இங்கே வாதம்.

முதலில் ஒரு உண்மை. கீறலே இல்லாத சிலிண்டர் சுவர் சாதாரண வார்ப்பிரும்பு இன்ஜினில் கிடையாது! ஆயில் தங்குவதற்காகத் தொழிற்சாலையிலேயே வலைப்பின்னல் மாதிரி மெல்லிய கோடுகளைப் போட்டுத்தான் அனுப்புகிறார்கள். தொந்தரவு தருவது பிஸ்டன் ஏறி இறங்கும் திசையில் விழும் நெட்டுக் கோடு. அது ஆழமாக இருந்தால் கம்ப்ரஷன் கீழே கசியும், ஆயில் மேலே ஏறி நீலப் புகையாக வெளியே வரும்.

அப்படியானால் கேட்க வேண்டியது "கோடு இருக்கிறதா?" என்பதல்ல, "எவ்வளவு ஆழம்?" என்பதுதான். விரல் நகத்தைக் குறுக்கே ஓட்டிப் பார்த்தாலே ஓரளவு தெரியும். நகம் தடுக்காமல் போனால் அது பெரும்பாலும் மேலோட்டமான கீறல். அடுத்து போர் கேஜ் வைத்து அளக்கச் சொல்ல வேண்டும். மாருதி 800-ன் சிலிண்டர் விட்டம் 68.5 மி.மீ. தேய்மானமும் கோணலும் கம்பெனி சொல்லும் அளவுக்குள் இருந்து, இதுவரை வண்டி ஆயில் குடிக்கவும் இல்லை என்றால் ரீபோருக்கு அவசரம் என்ன? லேசான ஹோனிங், புது பிஸ்டன் ரிங், இவை போதும். ஹோனிங் முடிந்ததும் சோப்புப் போட்டு வெந்நீரில் கழுவி, உடனே ஆயில் தடவ வேண்டும். பெட்ரோல் ஊற்றிக் கழுவினால் கல் துகள் சுவரிலேயே தங்கிவிடும்.

இன்ஜினைத் திறக்காத நிலையில் சந்தேகம் வந்தால் கம்ப்ரஷன் டெஸ்ட் இருக்கிறது. குறைவாகக் காட்டும் சிலிண்டரில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பார்க்க வேண்டும். அளவு ஏறினால் கோளாறு ரிங்கிலோ சுவரிலோ. ஏறாவிட்டால் வால்வு, கேஸ்கெட் பக்கம் தேட வேண்டும்.

ரீபோர் என்பது திரும்பப் பெற முடியாத செலவு. ஒரு சிலிண்டரில் கோடு என்றாலும் வழக்கமாக எல்லாவற்றையும்தான் கடைவார்கள். 0.25, அடுத்து 0.50 மி.மீ. என்று சுவர் கரைந்துகொண்டே போகும். காமர்ஸ் பாடத்தில் வருவாயினச் செலவு, முதலினச் செலவு என்று படிக்கிறோமே, அதே கணக்குதான். பல வருடம் பயன் தரும் என்றால் பெரிய செலவு நியாயம். வண்டியின் விற்பனை விலையையே தொடும் செலவை ஒரு மெல்லிய கோட்டுக்காகச் செய்வது என்ன கணக்கு?

மெக்கானிக் பக்கமும் நியாயம் உண்டு. அரைகுறை வேலை திரும்பி வந்தால் பழி அவர் மேல்தான் விழும். அதனால்தான் அளவுகளை எழுதி வாங்குவது இருவருக்கும் நல்லது. நகம் தடுக்கிறது, அளவும் தாண்டிவிட்டது என்றால் தயங்காமல் ரீபோர்தான். பூச்சு போட்ட அலுமினியச் சிலிண்டர் என்றால் சாதாரண ஹோனிங் கல்லையே கிட்டே கொண்டுபோகக் கூடாது.

எல்லாவற்றுக்கும் மேல் காரணம் முக்கியம். 1990-களில் சில பிஎம்டபிள்யூ இன்ஜின்களில் பெட்ரோலில் இருந்த கந்தகம் நிக்காசில் பூச்சையே அரித்தது. நம் மாருதிக்காரருக்கு? அடைத்துக்கொண்ட ரேடியேட்டராக இருக்கலாம், கிழிந்த ஏர் ஃபில்டராகவும் இருக்கலாம். அதைச் சரிசெய்யாமல் புது பிஸ்டன் போட்டால் அதே இடத்தில் அடுத்த கோடு விழும்.

ஆகவே நண்பர்களே, பட்டறையிலிருந்து போன் வந்தால் முதலில் கேளுங்கள்: "அளவு எவ்வளவு அண்ணே?" பதில் வந்த பிறகு பர்ஸைத் திறக்கலாம்!