பெயர் தந்த ஊர்

சென்ற வெள்ளிக்கிழமை பாடம் முடிந்து மணியடிக்கும் வேளையில், பின்வரிசை மாணவன் ஒருவன் எழுந்து நின்றான். "சேர், ஒரு சந்தேகம். நம்முடைய ஊரின் பெயரைத் தாங்கிய வங்கி நாடெங்கும் கிளை பரப்பியிருக்கிறது. அதன் தலைமையகம் மட்டும் ஏன் கொழும்பில் இருக்கிறது?" என்று வினவினான். வகுப்பு நகைத்தது. எனக்கு நகைக்கத் தோன்றவில்லை. வீடு சேரும் வரையில் அவ்வினாவே என் நெஞ்சை உறுத்திக்கொண்டிருந்தது.

அவனுக்கு விடை கூறுவதற்குச் சற்றே பழைய வரலாற்றைப் புரட்ட வேண்டும். ஜேம்ஸ் டெயிலர் 1867ஆம் ஆண்டில் லூல்கந்துரைத் தோட்டத்தில் தேயிலையைப் பயிரிட்டார். நோயினால் கோப்பிப் பயிர் அழிந்தபின், மலைகளெல்லாம் தேயிலை மலைகளாயின. 1883இல் கொழும்பில் தேயிலை ஏலம் தொடங்கிற்று. மறு ஆண்டே புகையிரதப் பாதை ஹற்றனை எட்டியது. தோட்டத்துரைமாரின் கொடுக்கல் வாங்கலுக்கென 1888இல் இவ்வூரில் பிறந்ததே ஹற்றன் வங்கி. 1970இல் அது ஹற்றன் நஷனல் வங்கியாக வளர்ந்து, கொழும்பைத் தலைமையிடமாகக் கொண்டது.

இதில் வங்கியைக் குறை கூற ஏதுமில்லை. வணிகம் எங்கு நடைபெறுகின்றதோ அங்குதான் வங்கியும் அமரும். கொழுந்து பறிப்பதும், அதை வாட்டி அரைத்துத் தூளாக்குவதும் இங்கு நடைபெறுகின்றன. விலை பேசுவதும், பொதி செய்து பெயரிட்டு விற்பதும் பெரும்பாலும் கொழும்பிலும் கடல் கடந்த நாடுகளிலும் நடைபெறுகின்றன. இலாபத்தின் பெரும்பங்கு பிந்திய வேலைகளில்தான் இருக்கின்றது. தோட்ட விளைபொருள்கள் துறைமுகம் சேர வேண்டும் என்பதற்காகவே புகையிரதம் மலையேறி வந்தது என்பதை நாம் மறத்தலாகாது.

நீரின் கதையும் இதுவே. காசல்ரீயிலும் மவுஸ்ஸாக்கலையிலும் தேங்கும் நீர் மின்சாரமாகி நாட்டுக்கு ஒளி தருகின்றது. மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கத்துக்காகப் பழைய மஸ்கெலியாப் பட்டணமே நீருள் மூழ்கிற்று. கோடையில் நீர் வற்றும்போது பழைய கோயில் தலைகாட்ட, நம்மவர் சென்று கண்டு வருகின்றனர்.

இவ்வாறு கொடுத்துக் கொடுத்தே பழகிய ஊர் இனி வளம் பெறுவது எவ்வாறு? "பெரிய தொழிற்சாலை ஒன்று வரட்டும், எல்லாம் சரியாகும்" என்பர் பெரியோர் பலர். அவ்வாசையில் தவறில்லை. ஆயினும் நம் நாட்டிலேயே நாம் கண்ட ஒரு பாடம் உண்டு. 1992இல் ஜனாதிபதி பிரேமதாச அவர்கள் நாட்டுப்புறங்களில் இருநூறு ஆடைத் தொழிற்சாலைகளை நிறுவும் திட்டத்தைத் தொடக்கினார். பின்தங்கிய பகுதிகளை நாடி வந்த முதலாளிமாருக்கு ஏற்றுமதிக் கோட்டாவும் வரிச்சலுகையும் வழங்கப்பட்டன. எத்தனையோ கிராமத்துப் பெண்களுக்கு முதன்முதலாக மாதச் சம்பளம் கிடைத்தது. அது சிறு காரியமன்று. ஆனால் அவற்றுள் சில ஆலைகள் நிலைக்கவில்லை. உலக ஆடை வணிகத்தில் கோட்டா முறையே 2004ஆம் ஆண்டின் இறுதியோடு முடிவுற்றது. சலுகையை நாடி வரும் முதல், சலுகை தீர்ந்தால் வேறிடம் நாடும். ஊரை விட்டுப் போக மனமில்லாத முதல் ஊராரிடமிருந்தே பிறக்க வேண்டும்.

சிவகாசியைப் பாருங்கள். மழை குறைந்த வறண்ட பூமி. அவ்வூரைச் சேர்ந்த சண்முக நாடார், அய்ய நாடார் என்னும் இளைஞர் இருவர் 1922இல் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினர். அவர்கள் மூட்டிய தீயில் தீப்பெட்டியும், பின்னர் பட்டாசும் அச்சுத் தொழிலும் வளர்ந்தன. சிறாரை வேலையில் வாட்டிய கறையும் அத்தொழிலுக்கு உண்டு. அதை நாம் பின்பற்ற வேண்டியதில்லை. ஆனால் கற்றவர் திரும்பி வந்தனர் என்பதைக் கவனியுங்கள். காலூன்றுவதற்குச் சொந்த ஊரும், கைகொடுக்கச் சுற்றமும் அவர்களுக்கு இருந்தன.

நம் பிள்ளைகள் திரும்பி வந்தால் எதன்மீது காலூன்றுவர்? என்னிடம் பயின்ற பெண் ஒருத்தி தையலில் வல்லவள். லயக் காம்பறாவின் முன்விறாந்தையில் இரண்டு இயந்திரங்களை வைத்துப் பாடசாலைச் சீருடை தைத்து வந்தாள். மேலும் இரண்டு இயந்திரம் வாங்கி, அயல்வீட்டுப் பெண்களையும் சேர்த்துக்கொள்ள விரும்பிக் கடன் கேட்டுச் சென்றாள். "காணி உறுதி இருக்கிறதா?" என்று கேட்டார்களாம். நான்கு தலைமுறையாக வாழும் காம்பறாவுக்கு அவளிடம் ஏது உறுதி? இன்று அவள் கொழும்புக்கு அருகே பிறர் ஆலையில் தைக்கிறாள். அவளுடைய இயந்திரங்கள் தாயின் கட்டிலடியில் கிடக்கின்றன.

ஹற்றனுக்கு வந்திருக்க வேண்டிய தொழிற்சாலை அதுவே என்று நான் எண்ணுகிறேன்.

1948ஆம் ஆண்டுச் சட்டத்தினால் குடியுரிமை இழந்து, 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரையில் அக்குறை முற்றாக நீங்கப் பெறாத மக்கள் நாம். பெருந்தோட்டங்களில் பெரும்பாலானவற்றின் நிலம் அரசுடையது. 1992 முதல் கம்பனிகள் அவற்றை நடத்துகின்றன. 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டமும் தோட்டக் குடியிருப்புகளுக்குப் பணம் செலவிடத் தடையாயிருந்து, 2018இல்தான் திருத்தப்பட்டது. அண்மைக் காலத்தில் ஏழு பேர்ச்சஸ் காணியும் வீடும் சில குடும்பங்களுக்குக் கிடைத்துள்ளன. 2017 மே மாதத்தில் நோர்வூட்டுக்கு வருகை தந்த இந்தியப் பிரதமர் மோடி அவர்கள் மேலும் பத்தாயிரம் வீடுகளை அறிவித்தார். எனினும் உறுதிப்பத்திரமின்றி வாழ்வோர் இன்னும் பலர்.

காணி உறுதி என்பது வெறும் கடதாசியன்று. அதை ஈடு வைத்துக் கடன் பெறலாம். கடனைக் கொண்டு கடை திறக்கலாம், இயந்திரம் வாங்கலாம், மாட்டுத் தொழுவம் அமைக்கலாம், யாத்திரிகருக்கு விடுதி கட்டலாம். மார்கழி முதல் வைகாசி வரையில் சிவனொளிபாத மலைக்குச் செல்லும் அடியார்கள் ஆயிரக்கணக்கில் இவ்வூரைக் கடந்து செல்கின்றனர். அவர்கள் வாங்கும் பண்டங்களில் நம் கைப்பட ஆனவை எத்தனை என்று கடைவீதியில் ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.

ஆகையால் பெற்றோரே, அடுத்த முறை வாக்குக் கேட்டு வருவோரிடம், தொழிற்சாலை எப்போது வரும் என்று கேட்குமுன், உறுதி எப்போது வரும் என்று கேளுங்கள். மாணவச் செல்வங்களே, உத்தியோகத்துக்காக மட்டும் கற்காதீர்கள். கணக்கு வைக்கவும், ஒரு தொழிலை முழுமையாகச் செய்யவும், நாலு பேரோடு கூட்டாக இயங்கவும் கற்றுக்கொள்ளுங்கள். உறுதி கையில் கிடைக்கும் நாளில் கையில் வித்தையும் இருத்தல் வேண்டும்.

தோட்டத்தில் ஒரு நாள் வேலையைப் 'பேர்' என்பார்கள். கொழுந்து குறைந்தால் 'அரைப் பேர்' விழும். அம்மாணவனுக்குத் திங்கட்கிழமை நான் கூறவிருக்கும் விடை இதுதான்: "தம்பி, நம்முடைய ஊர் முழுநாளும் உழைத்து அரைப் பேர் வாங்கியிருக்கிறது. மீதி அரைப் பேரைக் கேட்டு வாங்கும் வேலை உன் தலைமுறைக்குக் காத்திருக்கிறது."