ஆனை ஆசீர்வாதம்

டச்சுக்காரர் ஆட்சியில் இலங்கைக் காடுகளில் பிடிபட்ட ஆனைகளைக் கடற்கழி கடத்தி, யாழ்ப்பாணத்தில் விற்று, கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பி வந்தார்கள். ஆனையிறவு என்னும் பெயரே அவ்வியாபாரத்தின் மிச்சமாகும். வாங்கினவர்கள் ராஜாக்கள், யுத்தத்துக்கும் ஆடம்பரத்துக்கும் வாங்கினார்கள். பீரங்கி வந்ததும் ஆனைக்கு யுத்த உத்தியோகம் போயிற்று. கோயில் உத்தியோகம் மாத்திரம் போகவில்லை!

மாடும் நாயும் தலைமுறை தலைமுறையாய் மனிதனிடமே பிறந்து வளர்ந்தவை. ஆனையோ, ஆயிரக்கணக்கான வருஷங்களாகியும், பெரும்பாலும் காட்டில் பிறந்து, குழியில் வீழ்த்தப்பட்டு, பட்டினியாலும் அங்குசத்தாலும் அடங்கினதேயாகும். இப்படி அடங்கினதைத்தான் ராமேஸ்வரம் முதலிய ஸ்தலங்களில் காசு வாங்க நிறுத்தி, அது தும்பிக்கையைத் தலையில் வைத்தால் ஆசீர்வாதம் என்கிறார்கள். ஆசீர்வதிப்பது ஆனையா, அங்குசமா என்று நாம் கேட்டால் நாஸ்திகமாம்!

2024 நவம்பர் 18-ல் திருச்செந்தூர்க் கோயில் ஆனை தன் பாகனையும் அவர் உறவினரையும் கொன்றுவிட்டது. உடனே நடை சாத்திப் பரிகார பூஜை செய்தார்கள். செத்தவர் வீட்டுக்கு அது என்ன பரிகாரம்? சங்கிலியில் நிற்கும் ஆனைக்குத்தான் என்ன பரிகாரம்?

கோயில்கள் இனிப் புதிதாய் ஆனை வாங்கலாகாதென்று மதுரை ஹைக்கோர்ட்டு 2023-லேயே சொல்லிவிட்டது. இருப்பவைகளையாவது காசுக்கு நிறுத்தாமல், குளிக்கத் தண்ணீரும், நடக்க மண்தரையும், இனத்தோடு கூடியிருக்க இடமும் கொடுக்கும்படி அறநிலையத் துறையாரைக் கேட்கிறோம்.