நாப்பத்தஞ்சு வயசுல பைக்கா? ஆமா, அதுக்கென்ன?

நாப்பத்தஞ்சு வயசுல ஒருத்தர் முதல்முறையா பைக் வாங்கினா போதும், "இந்த வயசுல இது தேவையா?"ன்னு கிளம்பிடறாங்க. ரெட்ரோ பைக்னா "போன இளமையைத் தேடறார்"னு நக்கல் வேற. இதே மனுஷன் கடன்ல கார் வாங்கியிருந்தா ஸ்வீட் எங்கேன்னு கேட்டிருப்பாங்க! பதினெட்டு வயசுப் பையனுக்கு அப்பா காசுல பைக் வாங்கினா சரி, அப்பாவே தனக்கு வாங்கினா தப்பா? காமர்ஸ் படிக்கிற எனக்கு இந்தக் கணக்கு புரியலைங்க.

ரெட்ரோன்னா பழசு இல்லை மக்களே. அந்தக் கால புல்லட்டுக்கு கியர் வலது கால்ல, பிரேக் இடது கால்ல. கிக்கர் திருப்பி அடிச்சா கால் காலி. 2009-ல வந்த கிளாசிக் 350-க்கு பட்டனை அமுக்கினா போதும். 2019 ஏப்ரல்லேர்ந்து 125 சிசிக்கு மேற்பட்ட புது பைக்குக்கெல்லாம் ஏபிஎஸ் கட்டாயம். 349 சிசி இருந்தும் சுமார் 20 குதிரைத்திறன்தான்; நிமிர்ந்து உக்காந்து நிதானமா போற வண்டி. வேகம் வேண்டாம்னு நினைக்கிறவர் இதைத் தேர்ந்தெடுக்கறது விவரம், வேஷமில்லை.

குறை சொல்லியே ஆகணுமா? எடையைச் சொல்லுங்க. கிட்டத்தட்ட 195 கிலோ, நிறுத்தித் திருப்பறதுக்குள்ள புதுசா ஓட்டறவருக்கு மூச்சு வாங்கும். கார் லைசென்ஸ் மட்டும் இருந்தா பத்தாது, கியர் பைக்குக்குத் தனியா வாங்கணும்னு சொல்லுங்க. ஹெல்மெட் வாங்கிட்டீங்களா, காலி மைதானத்துல பழகினீங்களான்னு கேளுங்க.

அதெல்லாம் அக்கறை. வயசைக் கேக்கறது வெறும் வம்பு!