காரணம் சொல்லும் கடமை



புளியங்குடியில் நமக்கு நன்கு அறிமுகமான குடும்பம் ஒன்றில் நிகழ்ந்ததை இத்திங்கள் உங்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறோம். எலுமிச்சைச் சந்தையில் நெடுங்காலம் உழைத்த பெரியவர் ஒருவர் ஓர் இரவு காலமானார். வளைகுடா நாட்டில் பணிபுரியும் அவருடைய மூத்த மகன், செய்தி கேட்டவுடன், காலையில் திருவனந்தபுரம் புறப்படும் விமானத்தில் இடம் பெற்றுவிட்டார். நண்பகலில் இறங்கிச் செங்கோட்டை வழியாக வந்தால் மாலை ஐந்து மணிக்குள் வீட்டை அடையலாம். எனவே அடக்கம் ஐந்தரைக்கு என்று முடிவாயிற்று.

புறப்படும் வேளை வந்தது, விமானம் புறப்படவில்லை. "என்ன சொல்லுகிறார்கள் தம்பி?" என்று சித்தப்பா தொலைபேசியில் கேட்டார். "ஏதோ தொழில்நுட்பக் கோளாறாம் சித்தப்பா, ஒரு மணி நேரத்தில் கிளம்பிவிடுமாம்" என்றார் மகன். அந்த ஒரு மணி கழிந்ததும் இன்னொரு மணி. அதன்பின் மேலும் ஒன்று. இதோ வந்துவிடுவான் என்ற நம்பிக்கையில் குளிர்பெட்டிக்கு யாரும் சொல்லவில்லை. அங்கே மகனும், பத்து மணிக்குப் புறப்பட்ட வேறொரு விமானத்தில் இடம் இருந்தும், அதை நாடவில்லை.

பிற்பகலில்தான் உண்மை தெரிந்தது. கோளாறு காலையிலேயே கண்டறியப்பட்டுவிட்டது. அதற்கு வேண்டிய உதிரிப்பாகம் வேறு நகரிலிருந்து மற்றொரு விமானத்தில் வரவேண்டியிருந்தது. அதற்குள் ஊரில் இருந்த குளிர்பெட்டி வேறொரு துயர வீட்டுக்குப் போய்விட்டது. பெரியவர்கள் கலந்து பேசி, இருட்டுமுன் அடக்கத்தை முடித்தனர். நள்ளிரவு நெருங்கும் வேளையில் வந்த மகன், கைவிளக்கின் ஒளியில் தந்தையின் கல்லறையைத்தான் கண்டார்.

விமானம் பழுதானதற்காக நாம் எவரையும் குறைகூறவில்லை. பழுதான விமானம் தரையில் நிற்பதே நலம். 2024 அக்டோபர் 11-ஆம் நாள், திருச்சியிலிருந்து ஷார்ஜா புறப்பட்ட ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானத்தின் திரவ அழுத்த இயக்க அமைப்பில் கோளாறு ஏற்பட்டதை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அவ்வகை போயிங் 737 விமானத்தில் எரிபொருளை வானில் கொட்டும் வசதி இல்லை. ஆகவே எடையைக் குறைக்க இரண்டு மணி நேரத்திற்கும் மேலாக வானில் வட்டமிட்டு, பின்னர் பத்திரமாக இறங்கிற்று. கீழே தீயணைப்பு வண்டிகளும் மருத்துவ ஊர்திகளும் அணிவகுத்து நின்றன. விமானிகள் அவசரநிலை அறிவிக்கவில்லை, முன்னெச்சரிக்கையாகவே இறங்கினர் என்று நிறுவனம் பின்னர் விளக்கிற்று. ஒரே நிகழ்ச்சியைக் குறிக்கும் சொற்கள், சொல்லுவோரைப் பொறுத்து எவ்வளவு மாறுகின்றன, பாருங்கள்!

தாமதம் எப்படி நேர்கிறது என்பதையும் நியாயமாக அறிந்துகொள்ளவேண்டும். எச்சரிக்கை விளக்கு ஒன்று எரிந்தால் விமானி அதைப் பதிவேட்டில் எழுதுகிறார். பொறியாளர் வந்து சோதிக்கிறார். உடனே சரிசெய்யக் கூடியதாயின் செய்துவிடுவார். எவ்வெவ் உறுப்புகள் பழுதாயிருந்தும் பாதுகாப்பாகப் பறக்கலாம் என்று ஒப்புதல் பெற்ற பட்டியல் ஒன்று உண்டு; அதில் அடங்குமாயின் பழுதைப் பின்னர் நீக்கலாம். அடங்காதாயின் உதிரிப்பாகமோ மாற்று விமானமோ வந்தாகவேண்டும். சோதனை முடியும்வரை எவ்வளவு நேரமாகும் என்பது பொறியாளருக்கே தெரியாது. ஆகவே முதல் ஒரு மணி நேரத்தில் "பார்த்துச் சொல்லுகிறோம்" என்பது பொய்யன்று. ஆனால், உதிரிப்பாகம் வெளியூரிலிருந்து வரவேண்டும் என்று தெரிந்தபின்னும் "இன்னும் ஒரு மணி" என்பது, பயணியின் காலத்தைத் திருடுவதாகும்.

இத்தகைய வழக்கொன்று ஐரோப்பிய நீதிமன்றம்வரை சென்றது. 2005 ஜூன் 28 அன்று, வியன்னாவிலிருந்து ரோம் வழியாகப் பிரிந்திசி செல்லவிருந்த குடும்பத்தினரிடம், புறப்படுவதற்கு ஐந்து நிமிடத்திற்கு முன் விமானம் ரத்து என்று கூறப்பட்டது. இயந்திரத்தில் பழுது இருப்பதை அலிதாலியா நிறுவனம் அன்று அதிகாலை ஒரு மணிக்கே அறிந்திருந்தது! விமானத்தைப் பராமரிக்கையில் தெரியவரும் தொழில்நுட்பக் கோளாறு பொதுவாக அசாதாரணச் சூழ்நிலை ஆகாது, அதைக் காட்டி இழப்பீட்டை மறுக்க இயலாது என்று 2008 டிசம்பர் 22-இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

நம் நாட்டிலும், விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்ககம் 2010-இல் வகுத்த விதிகள் உண்டு. பயணத்தின் நீளத்திற்கேற்ப இரண்டு முதல் நான்கு மணி நேரத்திற்கு மேற்பட்ட தாமதத்திற்கு உணவும் சிற்றுண்டியும் தரவேண்டும். உள்நாட்டுப் பயணத்தில் தாமதம் ஆறு மணி நேரத்தைக் கடக்குமாயின், மாற்று விமானமோ கட்டணத்தை முழுமையாகத் திரும்பப் பெறுவதோ பயணியின் விருப்பம். கேட்பவர்களுக்கே இவை கிடைக்கின்றன என்பது வேறு செய்தி.

வெளிநாட்டில் பிள்ளைகள் வாழும் குடும்பங்கள் நம்மிடையே பல. ஆகவே ஒன்று சொல்லுவோம். தாமதம் என்றதும் முகப்பில் நிற்கும் இளம்பெண்ணிடம் சீறவேண்டாம். மேலிடத்திலிருந்து வரும் வாசகத்தைத்தான் அவர் படிக்கிறார். மாறாக, நான்கு வினாக்களை அமைதியாகக் கேளுங்கள். பழுது இன்னதென்று தெரிந்துவிட்டதா? உதிரிப்பாகம் இங்கேயே உள்ளதா? மாற்று விமானம் வருமா? விமானிகளின் பணிநேர வரம்பு அதற்குள் முடிந்துவிடுமா? இவற்றிற்குத் தெளிவான விடை கிடைக்காவிட்டால், நீண்ட தாமதம் என்றே கொண்டு மாற்று ஏற்பாட்டில் இறங்குங்கள். வீட்டிற்கும் அவ்வாறே சொல்லுங்கள்.

நிறுவனத்தாருக்கும் ஒரு சொல். கசப்பான செய்தியைக் கேட்டால் பயணிகள் கொதிப்பார்கள் என்று அஞ்சுகிறீர்கள். ஆனால், அந்த மகன் இன்றுவரை நம்மிடம் சொல்லி வருந்துவது விமானம் பழுதானதைப் பற்றியன்று. "காலையிலேயே சொல்லியிருந்தால் அப்பாவின் முகத்தைப் பார்த்திருப்பேனே" என்பதுதான் அவருடைய ஆற்றாமை. அதற்கு மறுமொழி கூற நம்மால் இயலவில்லை.