முகம் காட்டும் கண்ணாடி மழையும் சொல்லும்!

கண்ணாடி முன் நின்று தலை வாருகிறார் ஒருவர். முகம் தெரிகிறது. முகத்துக்கு மேலே மணி தெரிகிறது. இன்று மழை வருமா, வராதா என்பதும் எழுத்தாகத் தெரிகிறது!

இது மந்திரம் அல்ல. விஞ்ஞானம். 'ஸ்மார்ட் மிரர்' என்பது இதன் பெயர். கடைகளில் விற்கிறது. ஆனால் உலகெங்கும் பலர் இதைத் தங்கள் வீட்டிலேயே செய்துகொள்கிறார்கள்.

இதற்கும் புதுக்கோட்டை மாவட்டத்துக்கும் என்ன சம்பந்தம்? சம்பந்தம் உண்டு. இதைச் செய்ய வேண்டிய முக்கியமான பொருள் அங்கே பல வீடுகளின் பரணில் தூங்குகிறது. அதுதான் பழைய மடிக்கணினி!

இரவு பஸ்ஸின் ஜன்னல்

அறந்தாங்கியிலிருந்து புதுக்கோட்டைக்கு இரவில் பஸ்ஸில் போகிறவர் ஜன்னல் கண்ணாடியைப் பார்க்கட்டும். உள்ளே விளக்கு எரிகிறது, வெளியே இருட்டு. கண்ணாடியில் அவர் முகமே தெரியும். வழியில் விளக்கு எரியும் கடை வந்தால், முகத்தோடு கடையும் தெரியும்.

ஸ்மார்ட் கண்ணாடியின் ரகசியமும் இதுதான். பாதி ஒளியைத் திருப்பி, மீதியை உள்ளே விடும் கண்ணாடி முன்னால் இருக்கிறது. அதன் பின்னால் கணினித் திரை இருக்கிறது. திரையில் கறுப்பாக உள்ள இடம் முகத்தைக் காட்டும். வெள்ளை எழுத்து உள்ள இடம் எழுத்தைக் காட்டும்.

கடையில் பிறந்த எண்ணம்

ஹாலந்து நாட்டுக்காரர் மைக்கேல் டேவ், நியூயார்க் நகரின் 'மேசிஸ்' கடையில் ஒரு கண்ணாடியைப் பார்த்தார். அதற்குள்ளிருந்து எழுத்து ஒளிவிட்டது. 2014-ல் அவர் தம் வீட்டுக்கே ஒன்று செய்தார். அதை இயக்கும் நிரலை எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்துவிட்டார். 'மேஜிக் மிரர்' என்பது அதன் பெயர்.

அவர் பயன்படுத்தியது 'ராஸ்பெர்ரி பை' என்ற சின்னக் கணினி. ஏ.டி.எம். அட்டை அளவுதான் இருக்கும். சிறுவர்கள் கணினியைச் செய்து பார்த்துப் படிக்க வேண்டும் என்பதற்காக, 2012-ல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் அறிஞர்கள் அதை வெளியிட்டார்கள்.

பரண் மேல் புதையல்

தமிழக அரசு 2011-ல் மாணவர்களுக்கு இலவச மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியது. இடையில் சில ஆண்டுகள் நின்ற அந்தப் பணி, 2026 ஜனவரியில் கல்லூரி மாணவர்களுக்காக மீண்டும் தொடங்கியது. புதியது வருகிறது. பழையது என்ன ஆவது?

விசைப்பலகை உடைந்தாலும், கணினி ஓடினால் போதும். திரையைக் கழற்றி மரச் சட்டத்தில் பொருத்தலாம். சாதாரணக் கண்ணாடியில், ஒளியைத் திருப்பும் பிலிம் ஒட்டலாம். கணினியே செத்துவிட்டாலும், திரை நன்றாக இருந்தால் அதற்கேற்ற 'கன்ட்ரோலர் போர்டு' வாங்கி ராஸ்பெர்ரி பையுடன் இணைக்கலாம். எழுத்தைத் தமிழிலும் வர வைக்கலாம்.

2022-ம் ஆண்டில் மட்டும் உலகில் 6 கோடியே 20 லட்சம் டன் மின்னணுக் குப்பை சேர்ந்தது என்கிறது ஐ.நா. அறிக்கை. அதில் முறையாகச் சேகரித்தது 100-க்கு 22 பங்குதான்! மற்றவற்றில் பெரும்பகுதி எங்கே போயிற்று என்பதற்குக் கணக்கே இல்லை. ஆகவே, பழைய திரைக்குப் புது வேலை கொடுப்பது வீட்டுக்கும் நல்லது, ஊருக்கும் நல்லது.

சைக்கிள் சொன்ன பாடம்

புதுக்கோட்டைக்கு இது புதிய பாடம் அல்ல. 1991-ல் அங்கே அறிவொளி இயக்கம் தொடங்கியது. ஷீலா ராணி சுங்கத் அப்போது கலெக்டர். எழுத்துப் படிக்க வந்த கிராமத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிளும் ஓட்டக் கற்றார்கள். அதுவரை ஆண்கள் மட்டுமே ஓட்டிய வண்டி அது! கேலி செய்தவர்களும் இருந்தார்கள். பெண்கள் இறங்கவில்லை, மிதித்தார்கள்.

வண்டி இருந்தால் போதாது, ஓட்டத் தெரிய வேண்டும். கணினியும் அப்படித்தான். பொத்தானை அழுத்தத் தெரிந்தால் ஒருவர் வாடிக்கையாளர். திறந்து, மூடி, மீண்டும் ஓட வைக்கத் தெரிந்தால் அவர் தொழில் தெரிந்தவர்!

அரசும் இதை உணர்ந்திருக்கிறது. மாணவர்கள் கையால் செய்து படிக்கும் 'அடல் டிங்கரிங்' ஆய்வகங்கள் 2016 முதல் வந்தன. அரசுப் பள்ளிகளில் 5 ஆண்டுகளில் 50 ஆயிரம் ஆய்வகங்கள் என்று 2025 பட்ஜெட் அறிவித்தது. ஆய்வகம் வந்தால் மட்டும் போதுமா? அதன் கதவு தினமும் திறக்க வேண்டும். பெண் பிள்ளைகள் கையிலும் திருப்புளி இருக்க வேண்டும்.

கண்ணாடிக்குக் கண் வேண்டுமா?

சில கண்ணாடிகளில் கேமராவும் மைக்கும் வைக்கிறார்கள். வீட்டில் பேசுவதும் நடப்பதும் யாரிடம் போகும்? தனிநபர் விவரங்களைக் காக்க 2023-ல் சட்டம் வந்தது. ஆனால் தானே செய்தவருக்கு இன்னொரு காவலும் உண்டு. வேண்டாம் என்றால் கேமராவை வைக்காமலே விடலாம்!

எச்சரிக்கையும் தேவை. உப்பிய பேட்டரியைக் குத்தவோ அழுத்தவோ கூடாது. தீப்பிடிக்கும். மின் இணைப்பைத் துண்டிக்காமல் எதையும் திறக்கக் கூடாது. சிறுவர்கள் செய்யும்போது விவரம் தெரிந்த பெரியவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

மின்சாரம் போனால் எழுத்து மறையும். 2018 நவம்பரில் கஜா புயல் வீசியபோது புதுக்கோட்டை கிராமங்கள் பல நாட்கள் இருட்டில் கிடந்தன. அப்படிப்பட்ட நேரத்தில் இந்தக் கண்ணாடி முகத்தை மட்டுமே காட்டும். ஆனால் அதைச் செய்யக் கற்ற கை எந்த இருட்டிலும் மறக்காது!